உலர்த்தும் அறை

ஷாம்பு புட்டியின் முதுகில்
வாரம் ஒருமுறை என்று போட்டிருக்கிறது.
விற்கிறவன் வேறென்ன போடுவான்.
எதிர்மாடி எமெஷே மாதம் ஒன்று என்கிறாள்.
அவளுடையது கைப்பைக்குள் அடங்கும் பொமரேனியன்,
கைக்குட்டை காய்வதற்குள் காய்ந்துவிடும்.
விலங்கு மருத்துவர் வார்த்தையை விரயம் செய்கிறவர் அல்ல.
"இது பூலி. ஆண்டுக்கு இரண்டு.
மே மாதம் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று.
மற்ற மாதங்களின் வாடை உங்களைச் சேர்ந்தது."

கோரோம் என்றால் எங்கள் பேச்சில்
புகைபோக்கிக்குள் படியும் கரி.
கரிக்குப் பிறந்து கரியாகவே வளர்ந்தவன்.
உச்சி முதல் நகம் வரை சடை,
காசிக்குப் போகாத சாமியார்.
எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று
பிஸ்கட்டை நீட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் செகெட் நகரத்து வெந்நீர்க் குளியலகத்தில்
துண்டு கொடுக்கிறவள்.
பத்தொன்பது வருஷமாக.
எங்கள் தண்ணீருக்கு டாக்டர்கள் சீட்டு எழுதுகிறார்கள்:
முழங்காலுக்குப் பதினைந்து முக்கு,
இடுப்புக்கு இருபது.
இத்தனைக்கு இத்தனை என்று எண்ணிப் பழகிய கைக்கு
ஆண்டுக்கு இரண்டு பெரிய கணக்கில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம்.
டிசா ஆற்றங்கரையில் ஒரு கெண்டை,
செத்து மூன்று நாளாவது ஆகியிருக்கும்.
கோரோம் அதன்மேல் முதுகைப் போட்டுப் புரண்டான்.
எழுந்தான். யோசித்தான்.
விட்டுப்போன இடத்துக்காக இன்னொருமுறை புரண்டான்.

டிராமில் எங்களைச் சுற்றி
எட்டு இருக்கைகள் காலி.

தேய்க்கக் கூடாது, சிக்கிக்கொள்ளும்.
ஒவ்வொரு சடையாகப் பிடித்துப் பிழிய வேண்டும்.
கொஞ்சம் வினிகர், வெந்நீர், திரும்பவும் வெந்நீர்.
முதல் தண்ணீர் காப்பி நிறம்.
ஏழாவது தண்ணீர் தேநீர்.
அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தேன்.
வாலைக் குழைத்துக்கொண்டு எங்கும் போகவில்லை,
போக முடியவில்லை.
பதின்மூன்று கிலோ நாய்
இருபது கிலோ தண்ணீராக நின்றது.
ஒரு அடி வைத்தால் ஒரு குளம்.

முதல் ராத்திரி மின்விசிறி.
இரண்டாம் ராத்திரி ஹேர் டிரையர்,
பத்து மணிக்கு ஃபியூஸ் போய்
கட்டிடம் முழுக்க இருட்டு. எமெஷே
படிக்கட்டில் நின்று என் பெயரைச் சொன்னாள்.
மூன்றாம் காலை சடையின் வேரில் மூக்கை வைத்தேன்:
மூட்டையில் கட்டி மறந்த ஈரத்துணி.

அதனால்தான்,
வேறெதற்காகவும் இல்லை,
அழுக்குத் துணி வண்டிக்குள் அவனைப் படுக்கவைத்து
மேலே நாற்பது துண்டு போட்டு
எங்கள் உலர்த்தும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.
சுவரோரம் வெதுவெதுக்கும் குழாய்கள்,
கிண்ணத்தில் தண்ணீர், கதவு ஒரு விரற்கடை திறப்பு.
இனி சாயங்காலம்வரை யாரும் வரமாட்டார்கள்.

பெர்தலான் வந்தார்.
மேலாளர். வாசல் பலகையில்
பதினேழு விதிகளைத் தன் கையால் எழுதியவர்.
ஒன்பதாவது விதி விலங்குகளைப் பற்றியது.
நின்றார். மூச்சை உள்ளே இழுத்தார்.
என் ஓய்வூதியத்துக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று
மனத்துக்குள் எண்ணத் தொடங்கினேன்.

"என்ன மீன்?"
"கெண்டை."
தலையாட்டினார்.
கோட்டைக் கழற்றிக் குழாயில் போட்டார்,
சட்டைக்கையைச் சுருட்டி, துண்டை எடுத்து,
வால் என்று நான் நம்பிய பக்கத்திலிருந்து
ஒவ்வொரு சடையாக ஒற்றத் தொடங்கினார்.
பழகின கை.
"முதல் மனைவியிடம் ஒன்று இருந்தது" என்றார்.
"வருஷத்துக்கு நாலு என்பாள். நான் ஒன்று என்பேன்."
கொஞ்ச நேரம் குழாய்தான் சத்தம் போட்டது.
"நாலும் தப்பு, ஒன்றும் தப்பு" என்றார்.

பிறகு காதுக்கு அடியில் ஈரம் நிற்கும்
என்று காட்டிக்கொடுத்தார். நின்றது.

மறுநாள் ரோசாலியா அம்மாள்
துண்டை முகத்தில் வைத்து, எடுத்து,
"புது சோப்பா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர்
பேனாவைத் திறந்து கேட்டார்:
இந்த வருஷம் எத்தனை குளியல்?
இரண்டு, என்றேன்.

கோரோம் என்னையே பார்த்தான்.
முன்பக்கம்தான் என்று நினைக்கிறேன்.